முகூர்த்தத்துக்கு முந்தின நாள்

சுற்றுலா போகிற குடும்பம் 1 மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்குப் போகிற குடும்பத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் முகூர்த்தம் என்று பத்திரிகையில் அச்சிட்டிருந்தால், அதற்குள் கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறிவிடும். வழியில் டயர் பஞ்சரானவர்களுக்காக ஐயர் காத்திருக்க மாட்டார். அதே வண்டியில் உட்கார்ந்திருக்கும் 2 வயதுக் குழந்தையின் பசிக்கும் தூக்கத்துக்கும் பஞ்சாங்கம் தெரியாது. முகூர்த்த நேரத்தையும் மாற்ற முடியாது, குழந்தையின் பசி நேரத்தையும் மாற்ற முடியாது. பெரியவர்கள் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: புறப்படுகிற நேரம். சின்னக் குழந்தைகளோடு சாலை வழியாகக் கல்யாணத்துக்குப் போவதற்கான ஏற்பாடு முழுவதும் அதிலிருந்தே தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் கல்யாணப் பயணத்தின் வானிலையைப் பஞ்சாங்கமே முடிவு செய்துவிடுகிறது. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் கல்யாணம் வைப்பதில்லை. எஞ்சிய மாதங்கள் ஒவ்வொன்றுக்கும் சாலையில் ஒரு குணம் உண்டு. தையிலும் மாசியிலும் விடியற்காலையில் பனிமூட்டம் இறங்கும். சித்திரையிலும் வைகாசியிலும் கத்திரி வெயில் காயும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. பத்திரிகை கைக்கு வந்தவுடனே தேதியோடு மாதத்தையும் பார்த்துவிட்டால், குழந்தைக்குத் தொப்பி எடுப்பதா, ஸ்வெட்டர் எடுப்பதா, மழைக்கோட்டு எடுப்பதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். வளர்பிறை முகூர்த்த நாள் என்றால் இன்னொன்றும் நிச்சயம்: அன்றைக்கு ஒரு கல்யாணம் மட்டும் நடக்காது. அதற்கு முந்தின நாள் நெடுஞ்சாலை முழுவதும் கல்யாண வேன்களாக இருக்கும். அது வார இறுதியிலோ தொடர் விடுமுறையிலோ வந்தால் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும்.

சென்னையிலிருந்து மதுரையில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்குப் போவதாக வைத்துக்கொண்டால் கணக்குப் புரியும். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, விராலிமலை, மேலூர் வழியாகத் தூரம் சுமார் 460 கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் போனால் ஒரு சாப்பாட்டு நிறுத்தத்தோடு 8 மணி நேரத்தில் போய்விடலாம். 2 வயதிலும் 5 வயதிலும் இரண்டு குழந்தைகள் கூட இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. 2 மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஒவ்வொரு நிறுத்தமும் 20 நிமிடத்துக்குக் குறையாது, மதியச் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் போகும். ஆகமொத்தம் 10 முதல் 11 மணி நேரம் என்று போட்டுக்கொள்வதே நியாயமான கணக்கு. மாலை 6 மணிக்கு மாப்பிள்ளை அழைப்போ வரவேற்போ இருந்தால், பிற்பகல் 4 மணிக்குள் மண்டபத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் குழந்தைகளைக் குளிப்பாட்டி, சிறிது நேரம் தூங்கவைத்து, உடை மாற்ற முடியும். அப்படியானால் காலை 5 மணிக்கு வண்டி கிளம்பியாக வேண்டும்.

குழந்தைகள் தூங்கிவிடுவார்கள், வெயிலும் இருக்காது என்று இரவுப் பயணத்தை விரும்புகிற குடும்பங்கள் உண்டு. குழந்தைக்கு வசதியான அந்த நேரம் வண்டி ஓட்டுகிறவருக்கு ஆபத்தானது. நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரை உடம்பு இயல்பாகவே தூக்கத்தை நாடும். வண்டியில் மற்ற எல்லோரும் தூங்கிவிட்டால் பேச்சுத்துணையும் இருக்காது. விடியற்காலையில் கிளம்புவதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஓட்டுகிறவர் முந்தின இரவு 9 மணிக்கே படுத்திருக்க வேண்டும். பெட்டி கட்டுகிற வேலை இரவு 12 மணி வரை இழுத்தால் அதிகாலைப் பயணமும் இரவுப் பயணம் போலவே ஆகிவிடும்.

புறப்படும் நேரத்தில் நம்பிக்கைகளுக்கும் பங்கு உண்டு. இராகு காலத்தில் கிளம்பக் கூடாது என்பார்கள். நாள்காட்டித் தாளில் அன்றைய சூலம் எந்தத் திசையில் என்று அச்சிட்டிருக்கும். வியாழக்கிழமை தெற்கில் சூலம் என்பதால், சென்னையிலிருந்து மதுரைக்கு அன்று கிளம்பத் தாத்தா தயங்குவார். அதற்குப் பரிகாரம் தைலம் என்று அதே தாளிலேயே போட்டிருக்கும். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு வியாழக்கிழமைதானே கிளம்ப முடியும் என்ற பேச்சு வாசலில் நின்று நடந்தால் அரை மணி நேரம் போய்விடும். நேரத்தையும் பரிகாரத்தையும் முந்தின நாளே பேசி முடித்துவிட்டால், காலையில் பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்புவதற்கு 5 நிமிடம் போதும்.

அடுத்தது வண்டி. சொந்தக் கார் என்றால் டயரின் காற்று, ஸ்டெப்னி, பிரேக், விளக்குகள், வைப்பர், ரேடியேட்டர் தண்ணீர் ஆகியவற்றை 2 நாள் முன்பே பார்த்துவிட வேண்டும். ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றை டிஜிலாக்கர் செயலியில் வைத்திருந்தால் சோதனையில் அதைக் காட்டலாம். இந்த வழியில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி என்று வரிசையாகச் சுங்கச்சாவடிகள் வரும். 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். அதில் பணம் குறைந்துபோய்ச் சாவடியில் நிற்பதும், அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழுவதும் வீட்டிலேயே தவிர்க்கக் கூடிய தொல்லை.

உறவினர்கள் சேர்ந்து வேன் பிடிப்பதும் வழக்கம். வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் எண் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு அமர்த்தினால், விபத்து நேரும்போது காப்பீட்டுத் தொகை கிடைப்பதில் சிக்கல் வரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஆள் கணக்கு. 12 பேர் உட்காரும் வேனில் 12 பெரியவர்கள் ஏறிய பிறகு, குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று மேலும் 5 பேரை ஏற்றுவது கல்யாண வேன்களில் சர்வ சாதாரணம். வேன் பேசும்போது பெரியவர்களை மட்டும் எண்ணாமல், குழந்தைகளையும் எண்ணி ஆளுக்கு ஓர் இருக்கை என்று கணக்கிட்டால் இந்த நெருக்கடி வராது.

மடி பாதுகாப்பான இடம் என்பது பழைய நம்பிக்கை. சாலையில் அது உண்மையல்ல. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன் மீதாவது மோதி, 1 நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் மீது அவர் எடையைப் போல் சுமார் 14 மடங்கு விசை செயல்படும். 10 கிலோ எடையுள்ள குழந்தையை அந்தக் கணத்தில் பிடித்து நிறுத்த 140 கிலோவைத் தாங்கும் கை வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. முன் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது இன்னும் ஆபத்து. விரிகிற ஏர்பேக் பெரியவரைக் காப்பாற்றும், குழந்தையையோ தாக்கும்.

2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். கைக்குழந்தைக்கான இருக்கை வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி பொருத்தப்படுவது. உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை கனமானது, கழுத்தோ இளசு. முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது வண்டி சட்டென நின்றால் தலை முன்னோக்கிச் சொடுக்கிவிடும். பின்னோக்கிய இருக்கையில் முதுகு முழுவதும் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். குறைந்தது 2 வயது வரை அப்படி உட்காரவைப்பது நல்லது. அதன் பிறகு முன்னோக்கிய இருக்கை. அதுவும் சிறிதாகிவிட்டால், பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளில் படியும் உயரம் வரும் வரைக்கும் உயர்த்தும் இருக்கை. எந்த வயதுக் குழந்தைக்கும் பின்வரிசையே இடம். புது இருக்கையைக் கல்யாணத்தன்று முதன்முதலாகப் பொருத்தினால் குழந்தை ஏற மறுக்கும். 2 வாரம் முன்பே வாங்கி, கடைக்கும் கோயிலுக்கும் போகும்போது பழக்கிவிட வேண்டும்.

கல்யாணத்துக்குப் போகிற வண்டியில் சீர்வரிசையும் வரும். குத்துவிளக்கு, பித்தளைக் குடம், வெள்ளித் தட்டு, பழக்கூடை எல்லாம் டிக்கியில் கட்டிவைக்க வேண்டியவை. பின் கண்ணாடியை ஒட்டிய பலகையில் வைத்த குத்துவிளக்கு, திடீர் பிரேக்கில் குழந்தையின் தலைக்கு மேல் பாய்ந்து வரும். பட்டுப்பாவாடையும் சட்டையும் தனிப்பையில் இருக்கட்டும். வழி முழுவதும் குழந்தைகளுக்குப் பருத்தி உடைதான். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சிறு பை வேண்டும். அதில் ஆளுக்கு இரண்டு மாற்றுடை, டயாப்பர், ஈரத்துணி, துண்டு, வாந்தி எடுத்தால் பிடிக்க உறைகள், காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன மருந்து, குடிநீர் ஆகியவை இருந்தால் நடுவழியில் டிக்கியைத் திறந்து எல்லாவற்றையும் கலைக்க வேண்டியதில்லை.

கட்டுச்சாதம் தமிழர்களின் பழைய பயணத் துணை. குழந்தைகளுக்காகக் கட்டும்போது சில நுணுக்கங்கள் உண்டு. காலைக்குப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி பொருத்தமானது. தேங்காய்ச் சட்னி வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் வீட்டிலேயே நிற்கட்டும். மதியத்துக்குத் தயிர்சாதம் என்றால், சோற்றைப் பால் விட்டுக் குழைய மசித்து, கரண்டி அளவு தயிரை மட்டும் உறைமோராகக் கலந்தால் மதியம் வரை புளிக்காமல் இருக்கும். புளியோதரை அதைவிட அதிக நேரம் தாங்கும், ஆனால் சின்னக் குழந்தைக்குக் காரமும் புளிப்பும் ஒத்துக்கொள்ளாது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு, வெயில் காலத்திலும் தண்ணீர் தேவையில்லை. பால் கொடுக்க வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஓடும் வண்டியில் குழந்தையை இருக்கையிலிருந்து எடுக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்துக் கொடுக்கலாம்.

நிறுத்தும் இடத்தையும் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நெடுஞ்சாலையோர மரநிழல் பார்க்க இதமாக இருக்கும். பக்கத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் லாரிகளும் பேருந்துகளும் போகும் இடத்தில் குழந்தையை இறக்கிவிடுவது நல்லதல்ல. பெட்ரோல் பங்கு, உள்ளே தள்ளி வண்டி நிறுத்தும் உணவகம் ஆகியவையே ஏற்ற இடங்கள். 10 நிமிடம் ஓடியாடிய குழந்தை அடுத்த 1 மணி நேரம் அமைதியாக உட்காரும். தேநீர் குடிக்க இறங்கும்போது, தூங்குகிற குழந்தையை எழுப்ப மனமில்லாமல் மூடிய காருக்குள் விட்டுப் போவது மட்டும் ஒருபோதும் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் வெப்பம் சுமார் 11 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். குழந்தையின் உடம்பு பெரியவர்களுடையதை விடப் பல மடங்கு வேகமாகச் சூடாகும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் அந்த ஆபத்து நீங்காது.

பயண வாந்தி 2 வயதுக்குக் கீழ் அரிது. அதன் பிறகு 12 வயது வரை அதிகம் தொந்தரவு தரும். வண்டி அசைவதை உள்காது உணர்கிறது. புத்தகத்தையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த இரண்டு செய்திகளும் முரண்படுவதால்தான் குமட்டல். ஆகவே முதல் வைத்தியம் செல்போனை வாங்கிவைத்துவிட்டுத் தூரத்தில் தெரிவதைப் பார்க்கச் சொல்வது. வயிறு முட்டச் சாப்பிடாமலும், வெறும் வயிறாக இல்லாமலும் பார்த்துக்கொள்வதும், காற்று வரக் கண்ணாடியை இறக்குவதும் உதவும். மாத்திரை கொடுப்பது மருத்துவர் சொன்னால் மட்டுமே.

குழந்தைகளை வெளியே பார்க்கவைக்க இந்த வழியில் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. செங்கல்பட்டு தாண்டியதும் பாலாறு. அதன் பிறகு நெடுஞ்சாலையை ஒட்டி மதுராந்தகம் ஏரி. விழுப்புரத்துக்குத் தெற்கே தென்பெண்ணை, தொழுதூரில் வெள்ளாறு, திருச்சியில் அடுத்தடுத்துக் கொள்ளிடமும் காவிரியும், கடைசியில் மதுரையில் வைகை. எத்தனை ஆறு, எதில் தண்ணீர், எதில் மணல் மட்டும் என்று எண்ணிக்கொண்டு வரச் சொன்னால் அதுவே நாள் முழுவதற்கும் ஒரு விளையாட்டு. திருச்சியில் 236 அடி உயரமுள்ள ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை முதலில் யார் பார்ப்பது என்று போட்டி வைக்கலாம். விராலிமலையில் குன்றின் மேல் முருகன் கோயில், அடிவாரத்தில் மயில்கள். ஆனால் வழியில் இருக்கிறதே என்று எல்லாக் கோயிலிலும் இறங்கினால் மண்டபம் போய்ச் சேர இருட்டிவிடும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று முன்பே வரையறுத்துக்கொள்வது நல்லது.

வண்டி பழுதானாலோ விபத்து நேர்ந்தாலோ தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்கள் உண்டு. தமிழ்நாட்டில் நடக்கும் சாலை விபத்துகளில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. வெளிமாநிலத்தவருக்கும் அது பொருந்தும். விபத்தின்போது பணம் புரட்டுவதற்காகக் காத்திருந்து நேரத்தை இழக்க வேண்டியதில்லை.

மண்டபம் வந்து சேர்ந்ததும் பயணம் முடிந்துவிட்டது என்று எண்ணுவது இயல்பு. குழந்தைகள் தொலைவதும் தடுக்கி விழுவதும் இங்கேதான். பெரியவர்கள் எல்லோரும் உறவினரைப் பார்த்த மகிழ்ச்சியில் இருப்பார்கள். குழந்தையை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். யார், எந்த நேரத்தில் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்வது ஒன்றே இதற்கு வழி. முகூர்த்த நேரத்தில் சித்தி, பந்தி நேரத்தில் தாத்தா என்பதுபோல. சாம்பார் அண்டாக்கள் இருக்கும் சமையற்கட்டு, ஹோமகுண்டம், ஜெனரேட்டர், பின்னோக்கி வண்டிகள் எடுக்கப்படும் வாசல் ஆகிய நான்கும் குழந்தைகள் தனியாகப் போகக் கூடாத இடங்கள். பெற்றோரின் செல்போன் எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைக்கலாம். கூட்டத்தில் குழந்தைக்குத் தங்க நகை போடாமல் இருப்பது நகைக்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு. கைக்குழந்தையோடு மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பக்கத்தில் உட்காரக் கூடாது.

வரவேற்பு இரவு 10 மணிக்கு முடியும், விடியற்காலை 4 மணிக்கு எழுப்ப வேண்டும் என்றால் குழந்தையின் தூக்கம் கெட்டுவிடும். ஒரு பெரியவர் இரவு 8 மணிக்கே குழந்தைகளுக்கு ஊட்டி, அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தால், காலையில் அட்சதை தூவும் நேரத்தில் குழந்தைகள் முகம் கோணாமல் இருப்பார்கள். வீட்டில் பழகிய போர்வையும் தலையணையும் கூடவே வந்திருந்தால் புது இடத்திலும் தூக்கம் வரும்.

போகும் வழியில் இருக்கும் கவனம் திரும்பும் வழியில் பெரும்பாலும் இருப்பதில்லை. முகூர்த்தம் முடிந்து, மொய் எழுதி, மதியப் பந்தியில் பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு 1 மணிக்குக் கிளம்பினால் சென்னை சேர நள்ளிரவாகும். ஓட்டுகிறவர் விடியற்காலை 4 மணிக்கு எழுந்தவர். வயிறு நிறைந்த பிற்பகலும், தூக்கம் குறைந்த இரவும் சேர்ந்து அவரை அழுத்தும். மறுநாள் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போக வேண்டும் என்ற அவசரம் வேகத்தைக் கூட்டும். கல்யாணத்துக்கு ஒரு நாள் விடுப்பு எடுக்கிறவர்கள் திரும்புவதற்கும் ஒரு நாள் சேர்த்து எடுத்தால், அன்றிரவு தூங்கி மறுநாள் காலையில் நிதானமாக வரலாம். அன்றே வந்தாக வேண்டுமென்றால் வண்டி ஓட்ட இரண்டு பேர் இருக்க வேண்டும், 2 மணி நேரத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் முன் கடைசியாக ஒரு வேலை உண்டு. தாம்பூலப் பைகளை எல்லாம் சேர்த்து டிக்கியில் வைத்து மூட வேண்டும். காலடியில் வைத்த பையிலிருந்து உருண்டு வரும் ஒரு தேங்காய் பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் பிரேக் பிடிக்காது. டிக்கியை மூடி, குழந்தைகளின் பெல்ட்டைப் போட்டு, ஏறியவர்களை ஒரு முறை எண்ணிப் பார்த்த பிறகு வண்டியை எடுக்கலாம்.